பெயர் சொல்லிப் போன பிள்ளை

அத்தியாயம் 9

மூன்று வாரமாக முடியாது, வராது, ஆளை விடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்த லொரீத்தா கேட்ஸ்டன், ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து படியிறங்கும்போது மகள் கார்லிஸிடம், "சரிடீ, வரேன். ஆனா ஒரே ஒரு நாள்தான்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன வாயை மூடுவதற்குள் கார்லிஸ் போனை எடுத்து டைரக்டருக்குச் செய்தி அனுப்பிவிட்டாள். அந்த ஒரு நாள் இன்றைக்கு.

தென் கரோலினாவின் அந்தக் கடலோரத் தீவில் 'அக்கரை நெல்' தொடரைப் பற்றித் தெரியாதவர் கிடையாது. நாற்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் எட்டு இரவுகள் டி.வி.யில் ஓடியது. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டு, இந்தக் கரையோர நெல் வயல்களில் அடிமைகளாக உழைத்த ஒரு குடும்பத்தின் கதை. அந்த எட்டு இரவுகளும் கடைகள் சீக்கிரமே மூடின. வெள்ளைக்காரர் வீட்டிலும் பார்த்தார்கள், கறுப்பர் வீட்டிலும் பார்த்தார்கள்.

மூன்றாவது இரவில் ஏலமேடைக் காட்சி. டைனா என்ற சிறுமியைத் தாயிடமிருந்து பிரித்து விற்கிறார்கள். அவள் அலறுகிற அலறலில் நாடே அழுதது. அந்த ஆறு வயது டைனாதான் லொரீத்தா.

அதற்குப் பிறகு அவள் கேமரா பக்கமே போகவில்லை. தீவின் ஆரம்பப் பள்ளியில் சமையற்கூடத்துக்குத் தலைவி. ஐம்பத்திரண்டு வயது. ஆனாலும் ஊர் விட்டால்தானே. பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, "அந்தப் பொண்ணு நீங்கதானே? ஒரு தடவை அழுது காட்டுங்களேன்" என்பார். கல்யாண வீடுகளில் கேக் வெட்டிய கையோடு கேட்பார்கள். அவளும் சிரித்து மழுப்பிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள்.

இப்போது அதே தொடரை இந்தக் காலத்து ஆட்களுக்காகப் புதிதாக எடுக்கிறார்கள். கார்லிஸுக்கு அதில் உடைப் பிரிவில் வேலை. டைரக்டர் டெல்ஃபீன் ஏமோஸ், ஏலமேடைக் காட்சியில் கூட்டத்தில் ஒருத்தியாக லொரீத்தா நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். வசனம் கிடையாது. நின்றால் போதும்.

"முகத்தை ஏன் இப்படி வச்சிருக்கே? பல்லு பிடுங்கப் போற மாதிரி" என்றார் ஹார்மன், வண்டியை ஓட்டிக்கொண்டே. லொரீத்தாவுக்கு எட்டு வயது மூத்த அண்ணன். சொந்தமாக இறால் படகு வைத்திருக்கிறார்.

"பின்னாடி என்னண்ணே வாடை?"

"வாடையா? நாப்பது பவுண்டு இறால். உங்க சினிமாக்காரங்களுக்கு மத்தியானச் சாப்பாடு."

"நான் நடிக்கப் போறேன். நீ இறாலைத் தூக்கிட்டு வரே."

"நீ எங்க நடிக்கப் போறே? கூட்டத்துல நிக்கப் போறே. அந்தப் படத்துல உன்னைவிட என் இறாலுக்குத்தான் பெரிய வேஷம்."

லொரீத்தா சிரித்துவிட்டாள். பாலம் தாண்டும்போது சதுப்பு நிலத்தில் தண்ணீர் ஏறியிருந்தது. காலை வெயில் நன்றாகத்தான் இருந்தது. லொரீத்தாவுக்குத்தான் அதைப் பார்க்கத் தோன்றவில்லை.

உடை மாற்றும் வண்டியில் கார்லிஸ் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு அம்மாவுக்கு மேலங்கியை மாட்டிவிட்டாள்.

"அரிக்குதுடீ."

"அரிக்கணும்மா. அதுக்காகத் தேடிப் பிடிச்சு நெய்யச் சொன்னது."

"எங்க காலத்துல சாக்கு மாதிரி ஒண்ணைத் தலை வழியா மாட்டிவிட்டாங்க. முடிஞ்சது வேலை."

"அதுதாம்மா பழைய தொடர்ல எனக்குப் பிடிக்காதது. எல்லாருக்கும் ஒரே கிழிஞ்ச சாக்கு. யாருமே ஒரு ஒட்டுகூடப் போட்டிருக்க மாட்டாங்க. நம்ம ஆளுங்க அப்படியா இருந்திருப்பாங்க? இதோ, முழங்கைகிட்ட பாரு, ஒட்டு. அவுரி போட்ட நீலத் துணி. இதைப் போட்டிருந்தவளே ராத்திரி உக்காந்து தச்சிருப்பா."

லொரீத்தா அந்த ஒட்டைத் தடவிப் பார்த்தாள். பொடித் தையல், ஒழுங்காக இருந்தது. மகளுடைய கைதான் என்று தெரிந்தது. பெருமையாக இருந்தது. வெளியே சொல்லவில்லை. சொன்னால் ஆட ஆரம்பித்துவிடுவாள்.

பெரிய ஓக் மரங்களுக்கு நடுவே பலகை அடித்து ஏலமேடை போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் அவளுக்குக் கால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டது.

புது டைனாவுக்கு ஏழு வயது. பெயர் ஜூனிபர். முன்பல் இரண்டும் இல்லை. கண்ணில் பட்டவர்களையெல்லாம் பிடித்து விடுகதை போட்டுக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துக்கொள்ளவே ஒரு பெண்மணியை நியமித்திருந்தார்கள். கேமராவுக்குப் பக்கத்திலேயே ஒரு நாற்காலி. அதில் ஜூனிபரின் அம்மா கெண்ட்ரா, மடியில் தண்ணீர் பாட்டிலோடு. குழந்தையின் கண்ணுக்கு அம்மா எப்போதும் தெரிய வேண்டும் என்பது டெல்ஃபீன் போட்ட சட்டம்.

லொரீத்தா அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய காலத்தில் அங்கே நாற்காலி எதுவும் இல்லை.

முதல் டேக். தாயாக நடிக்கிற வெனீஷா உயிரைக் கொடுத்து நடித்தாள். ஜூனிபர் 'ஊ ஊ' என்று ஆந்தை மாதிரி ஒரு சத்தம் போட்டாள். இரண்டாவது டேக்கில் சிரித்துவிட்டாள். மூன்றாவதில் எச்சிலைத் தொட்டுக் கன்னத்தில் தடவிக்கொண்டாள். நாலாவது முடிந்ததும், "பசிக்குது" என்றாள்.

டெல்ஃபீன் கோபித்துக்கொள்ளவில்லை. "அஞ்சு நிமிஷம் எல்லாரும் உக்காருங்க" என்று சொல்லிவிட்டுக் கேமராக்காரரிடம் பேசப் போனாள்.

படக் கம்பெனியிலிருந்து ஹால்ஸ்டெட் என்று ஒருவர் வந்திருந்தார். நெட்டையான வெள்ளைக்காரர். காலையிலிருந்து கைக்கடிகாரத்தையும் சூரியனையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மெதுவாக நடந்து கெண்ட்ராவின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார். வரிசையில் நின்றுகொண்டிருந்த லொரீத்தாவுக்கு இரண்டடி தூரம்.

"ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? நீங்க ஒரு பத்து நிமிஷம் அந்த லாரிக்குப் பின்னாடி போய் நின்னா நல்லா இருக்கும். அம்மா எங்கேன்னு ஒரு நிமிஷம் தேடினா போதும். அழுகை தானா வந்துரும்."

கெண்ட்ரா திருதிருவென்று விழித்தாள். "அவ பயந்துருவாளே."

"ஒரே நிமிஷம். அப்புறம் நீங்க வந்து தூக்கிக்கலாம். இந்த சீனுக்காக அவளுக்கு விருதுகூடக் கிடைக்கலாம்."

கெண்ட்ரா தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தாள். மகள் சரியாகச் செய்யவில்லையே என்ற வெட்கம் அவளுக்கு. இத்தனை பேர் வேலை நம்மால் கெடுகிறதே என்ற தவிப்பு. அவள் பாதி எழுந்துவிட்டாள்.

"உக்காரும்மா" என்றாள் லொரீத்தா.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் முந்நூறு பிள்ளைகளை உட்கார வைக்கிற குரல் அது. கெண்ட்ரா உட்கார்ந்துவிட்டாள். ஹால்ஸ்டெட்கூட உட்காரப் போகிறவர் மாதிரி கொஞ்சம் முழங்காலை மடக்கினார்.

"மேடம், நான் குழந்தையோட நன்மைக்குத்தான்..."

"எந்தக் குழந்தையோட நன்மைக்கு?"

"பாருங்க, பழைய காட்சியை எல்லாரும் ஞாபகம் வச்சிருக்காங்க. ஒப்பிட்டுத்தான் பார்ப்பாங்க. அந்த அழுகை இல்லேன்னா ஏமாந்துருவாங்க."

"அந்த அழுகை என்னுது" என்றாள் லொரீத்தா.

அவருக்கு அவள் யார் என்று தெரியாது. கூட்டத்தில் ஒரு வேஷக்காரி என்றுதான் நினைத்திருந்தார். பக்கத்தில் இருந்த யாரோ காதில் சொன்னார்கள். அவர் முகம் சிவந்தது.

டெல்ஃபீன் திரும்பி வந்திருந்தாள். "என்னாச்சு, மிஸ் லொரீத்தா?"

நாற்பத்தாறு வருஷமாக யாரிடமும் சொல்லாததை லொரீத்தா அங்கே நின்றபடியே சொன்னாள்.

"எனக்கும் அன்னைக்கு அழுகை வரலை. மூணு தடவை எடுத்துப் பார்த்தாங்க. அப்புறம் டைரக்டர் வந்து என் முன்னால முட்டி போட்டு உக்காந்தார். 'பாப்பா, உங்கம்மா பஸ் ஏறி வீட்டுக்குப் போயிட்டாங்க. நீ இனிமே இங்கதான் இருக்கணும். அவங்க சரின்னு சொல்லிட்டாங்க'ன்னார். நான் சுத்திப் பார்த்தேன். எங்கம்மா இல்லை. மேடை மேல தூக்கி நிறுத்தினாங்க. அதைத்தான் நீங்க எல்லாரும் பார்த்தீங்க."

கார்லிஸ் கையில் கத்தரிக்கோலோடு வண்டிப் படியில் நின்றிருந்தாள். அவளுக்கும் இது புதுசு.

"முடிஞ்சதும் கை தட்டினாங்க. ஐஸ்க்ரீம் கொடுத்தாங்க. அம்மாவும் வந்துட்டாங்க. ஆனா நான் கேக்கலை. நிஜமாவே சரின்னு சொன்னியாம்மான்னு ஒரு நாளும் கேக்கலை. கேட்டு, ஆமான்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயம்."

டெல்ஃபீன் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அந்த சீனைப் பார்த்துத்தான் நான் டைரக்டர் ஆகணும்னு நினைச்சேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இது தெரியாம உங்களை இங்க கூட்டிட்டு வந்து நிக்க வச்சிட்டேனே."

"அதை விடும்மா. ஒண்ணு சொல்லட்டுமா? அந்தப் படத்தைக் கவனிச்சுப் பாரு. என் அம்மா வேஷத்துல நின்னவங்களை நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கலை. பாவம், அவங்க கையை நீட்டிக்கிட்டே நிக்கிறாங்க. நான் வேற யாரையோ தேடுறேன். உன் படத்துப் பிள்ளையாவது தாயைப் பார்க்கட்டும்."

"பார்த்து?"

லொரீத்தா யோசித்தாள். சினிமா அவளுக்குத் தெரியாது. பிள்ளைகளைத் தெரியும்.

"பள்ளிக்கூடம் சேர்ந்த மொதல் நாள் சின்னதுங்க சாப்பாட்டு ரூம்ல வந்து நின்னு தேம்பும். நான் அழாதேன்னு சொல்ல மாட்டேன். உன் அம்மா பேரென்ன, அப்பா பேரென்ன, வீட்ல யார் யாரு இருக்காங்கன்னு கேப்பேன். சொல்லச் சொல்ல அழுகை நின்னுரும். வீட்டையே கூட்டிட்டு வந்து பக்கத்துல நிறுத்தின மாதிரி அதுங்களுக்கு. பிள்ளையைப் பிடுங்கிட்டுப் போறான்னு தெரிஞ்ச தாய் என்ன பண்ணுவா? கத்திக்கிட்டா நிப்பா? கிடைக்கிற ஒரு நிமிஷத்துல பேரையெல்லாம் காதுல போட்டு விடுவா. மறந்துராதேன்னு."

டெல்ஃபீன் அவளையே பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "விடுதலை வந்தப்புறம், அடிமையா இருந்தவங்க பத்திரிகையில விளம்பரம் கொடுத்தாங்களே. என் தாய் இன்னார், என்னை இன்ன ஊர்ல வித்தாங்க, யாருக்காவது தெரியுமான்னு. அவங்க கையில வச்சிருந்தது அந்தப் பேருங்க மட்டும்தான்."

எழுந்து கால்சட்டையில் மண்ணைத் தட்டிக்கொண்டாள். "மத்தியானச் சாப்பாடு தள்ளிப் போகுது. யாருக்காவது ஆட்சேபம் இருக்கா?"

ஹால்ஸ்டெட் ஏதோ சொல்ல வாயெடுத்தார். லொரீத்தா அவரைப் பார்த்தாள். அவர் கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் இழுத்துவிட்டுக்கொண்டார்.

ஜூனிபரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவளுக்கு ஒரே உற்சாகம். இது விளையாட்டு மாதிரி இருந்தது. வெனீஷா அவள் காதில் சொல்வாள், அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பில்லாமல். அண்ணன் பேர் லண்டன் என்றதும் சிரித்தாள்; அந்தக் காலத்தில் எஜமானர்கள் ஊர்ப் பெயரையும் ஆளுக்கு வைப்பார்கள் என்றாள் வெனீஷா.

"ஒண்ணு கேக்கட்டா?" என்றாள் ஜூனிபர். "பேர் மறந்துட்டா?"

"அதுக்குத்தான் சொல்லிக்கிட்டே போகணும்" என்றாள் லொரீத்தா. "நிறுத்தினா மறந்துரும்."

கேமரா ஓடியது. மேடையில் வெனீஷா குனிந்து மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். அழவில்லை. அழ நேரமில்லாதவள் மாதிரி வேகமாகச் சொன்னாள். ஜூனிபர் கண் கொட்டாமல் அவள் வாயையே பார்த்துத் திருப்பிச் சொன்னாள்.

"அம்மா ஃபிலிஸ். அப்பா குவாஷ். அண்ணன் லண்டன். தங்கச்சி பினா."

இழுத்தார்கள். கை விட்டுப் போனது. வண்டியில் ஏற்றினார்கள். ஜூனிபர் திரும்பி உட்கார்ந்து தாயைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டே போனாள். அம்மா ஃபிலிஸ். அப்பா குவாஷ். பல்லில்லாத வாயில் 'ஃபிலிஸ்' சரியாக வரவில்லை. ஒவ்வொரு தடவையும் அதைத் திருத்திச் சொல்லப் பார்த்தாள். சக்கரச் சத்தத்தில் குரல் தேய்ந்து, மரங்களுக்குப் பின்னால் போய், கடைசியில் 'பினா' மட்டும் ஒரு தடவை கேட்டது.

மேடையில் வெனீஷாவின் உதடுகள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன.

டெல்ஃபீன் 'கட்' சொல்ல மறந்துவிட்டாள். ஒலிப்பதிவுக்காரர் காதுக் கருவியைக் கழற்றிவிட்டு மூக்கைச் சிந்தினார். அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

ஜூனிபர் வண்டியிலிருந்து குதித்து ஓடி வந்தாள். நேரே கெண்ட்ராவின் மடிக்கு. "ஒண்ணுகூடத் தப்பு விடலைம்மா."

"விடலைடா தங்கம்" என்றாள் கெண்ட்ரா. அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

ஹால்ஸ்டெட் லொரீத்தாவிடம் வந்தார். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தார். "நான் சொன்னது தப்பு" என்றார்.

"தப்புதான்" என்றாள் லொரீத்தா. "போய்ச் சாப்பிடுங்க. எங்கண்ணன் இறால் ஆறிரும்."

சாப்பாட்டுக் கூடாரத்தில் கடைசி மேஜையில் ஹார்மன் இரண்டு தட்டோடு காத்திருந்தார். தக்காளி போட்டுச் சமைத்த சிவப்புச் சோறு, இறால், வெண்டைக்காய். லொரீத்தா அரிக்கிற அங்கியோடு வந்து உட்கார்ந்தாள். உடம்பு லேசாக இருந்தது. பசித்தது. காலையிலிருந்து பசிக்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஹார்மன் சாப்பிடவில்லை. மேடைக்குப் பக்கத்தில் அவள் பேசியது அதற்குள் கூடாரம் வரைக்கும் வந்திருந்தது. "அங்க என்ன சொன்னே நீ? அம்மா சரின்னு சொன்னாங்கன்னா?"

"டைரக்டர் சொன்னார்னு சொன்னேன்."

"நீ அதை நம்பினியா? இத்தனை வருஷமா?"

"ஆறு வயசுண்ணே எனக்கு."

"ஆறு வயசுல சரி. அப்புறம்?" அவர் தட்டைத் தள்ளி வைத்தார். "லொரீ, நான் அம்மாகூட இருந்தேன். எனக்குப் பதினாலு. உன் வேலை முடிஞ்சுதுன்னு சொல்லி எங்களை இதே மாதிரி ஒரு கூடாரத்துக்குக் கூட்டிட்டுப் போய் ஏதோ கையெழுத்து போடச் சொன்னாங்க. அப்போ நீ கத்தினே. அம்மா பேனாவைக் கீழ போட்டுட்டு ஓடினாங்க. நடுவுல கயிறு கட்டியிருந்தாங்க. ஒருத்தன் பிடிச்சு நிறுத்தினான். அவன் கையைக் கடிச்சிட்டாங்க."

"யாரு? நம்ம அம்மாவா?"

அவர்கள் அம்மா பியூலா கேட்ஸ்டன் சர்ச்சில் பாட்டுக் குழுவை முப்பது வருஷம் நடத்தியவள். செத்துப் பதினொரு வருஷம் ஆகிறது. உரக்கப் பேசிக்கூட யாரும் கேட்டதில்லை.

"நம்ம அம்மாதான். ரத்தம் வந்துது அவனுக்கு. உள்ள போய் டைரக்டரைப் பார்த்து அவங்க சொன்ன வார்த்தையை இந்தச் சோத்துக்கு முன்னால நான் சொல்ல மாட்டேன்."

லொரீத்தாவின் கையில் முள்கரண்டி அப்படியே நின்றது. "எனக்கேன் சொல்லலை?"

"சொல்லாதேன்னாங்க. நீ அப்போ ஐஸ்க்ரீம் தின்னுக்கிட்டிருந்தே. எல்லாரும் உன்னைத் தூக்கி வச்சுக் கொண்டாடினாங்க. 'பிள்ளை சந்தோஷமா இருக்கு. இது அவளுக்கு நல்ல நாளாவே இருக்கட்டும். அவளை அழ வச்சு ஏமாத்தினாங்கன்னு எதுக்குத் தெரியணும்'னாங்க. உனக்கு அது நல்ல ஞாபகம்னுதான் அவங்க கடைசி வரைக்கும் நினைச்சாங்க. நானும்தான்."

லொரீத்தா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொண்டாள். மறுபடி வந்தது, விட்டுவிட்டாள். அதோடு சிரிப்பும் வந்தது.

"கடிச்சிட்டாங்களா?"

"நல்லா. பல்லு பதிஞ்சுது."

இரண்டு பேரும் மேஜை ஆடச் சிரித்தார்கள். பக்கத்து மேஜையில் ஜூனிபர் என்ன விடுகதை என்று எட்டிப் பார்த்தாள்.

அந்த நேரத்தில் கார்லிஸ் வந்தாள். அம்மாவின் தோளில் கை வைத்தாள். அவளும் அழுதிருந்தாள் என்று கண் சொன்னது.

"அம்மா, டெல்ஃபீன் ஒண்ணு காட்டச் சொன்னாங்க. பழைய தொடரோட படச்சுருள் எல்லாம் பெட்டி பெட்டியா அவங்ககிட்ட வந்திருக்கு. உன் சீன்ல டைரக்டர் கட் சொன்னப்புறமும் கேமரா கொஞ்சம் ஓடியிருக்கு. யாரோ ஒரு பொம்பளை கயித்தைத் தாண்டி ஓடி வர்றாங்க. யாருன்னு அவங்களுக்கு இதுவரைக்கும் புரியலையாம். நீ சொன்னதைக் கேட்டப்புறம் சந்தேகம் வந்திருக்கு. இது பாட்டியா?"

போனில் ஒரு படம். கொஞ்சம் கலங்கியிருந்தது. ஒரு காலில் செருப்பில்லை. வாய் திறந்திருந்தது. முப்பத்து மூன்று வயது பியூலா, இப்போதைய லொரீத்தாவைவிடப் பத்தொன்பது வயது சின்னவள், இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு கேமராவைப் பார்த்து ஓடி வந்துகொண்டிருந்தாள்.

"ஆமா" என்றாள் லொரீத்தா. "எங்கம்மா."

விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். அம்மாவின் முகம் வந்தது. அப்புறம் பின்னால் கயிறு வந்தது. கயிற்றை ஒரு இளைஞன் இரண்டு கையாலும் மேலே தூக்கிப் பிடித்திருந்தான், அவள் குனிந்து வர வசதியாக. படக் கம்பெனித் தொப்பி போட்டிருந்தான். கறுப்புப் பையன். இருபது வயதிருக்கும்.

"ஒருத்தன் பிடிச்சு நிறுத்தினான்னியே. இவன் கயித்தைத் தூக்கி வழி விட்டிருக்கானே. யாருண்ணே இது?"

ஹார்மன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். சிரிப்பு அவர் முகத்திலிருந்து மெல்ல இறங்கியது.

"கார்லிஸ், நீ போய் அம்மாவுக்குக் கொஞ்சம் தேநீர் கொண்டு வா" என்றார்.

அவள் நகர்ந்ததும் லொரீத்தா, "தெரிஞ்ச ஆளா?" என்றாள்.

"தெரிஞ்ச ஆளுதான். உனக்கும் தெரியும். போன ஞாயித்துக்கிழமைகூட உன்கிட்ட கை குலுக்கினார்."

"யாரு?"

"சாப்பிடு மொதல்ல. வண்டியில சொல்றேன்."

வேறொரு நாளாக இருந்தால் விட்டிருக்க மாட்டாள். இன்றைக்குச் சரி என்றாள். போனைத் தண்ணீர்க் குவளையின் மேல் சாய்த்து, அம்மா தன்னைப் பார்க்கிற மாதிரி நிறுத்தி வைத்தாள். தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள்.